ராஜுவும் சாலமோனும் மோதிய ஆட்டம்

என் பணிக்காலத்தில் வாசகர்களிடமிருந்து மிக அதிகமான கடிதங்களைக் கொண்டுவந்த கட்டுரை முழுக்கப் பொய். எழுதும்போது அது பொய் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் ஓர் அடி கூட எடுத்து வைக்கவில்லை என்பதுதான் குற்றம். புதிதாகச் செய்திப் பிரிவுக்கு வந்திருக்கும் உங்களுக்கு அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று ஆசிரியர் கேட்டதும் எனக்கு அந்தக் கட்டுரைதான் நினைவுக்கு வந்தது. பெருமையாகச் சொல்ல வேறு சில இருக்கின்றன. அவற்றால் உங்களுக்குப் பயன் குறைவு.

அறுபதுகளின் பிற்பகுதியில் சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு தமிழ் நாளிதழுக்கு நான் சித்தூர் நிருபர். கலெக்டர் அலுவலகம், கோர்ட், வெல்ல மண்டி, திருப்பதிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் நான் ஒருவன்தான். விளையாட்டும் என் தலையில்தான். ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் திருவள்ளூர் வரை உள்ள கால்பந்துச் செய்திகளையும் நானே அனுப்பினேன். வாரத்தில் நான்கு ஆட்டங்கள் நடக்கும். நான்குக்கும் ஒருவன் போக முடியாது. அதையே காரணமாக வைத்து நான் ஒன்றுக்கும் போகாமல் இருந்தேன்.

செய்தி எப்படி வந்தது என்று கேட்பீர்கள். சித்தூர் அணியை நடத்தியவர் ஒரு பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர். ஆட்டம் முடிந்ததும் பஸ் நிலையத்துக் காபிக் கடைக்கு வந்து ஒரு துண்டுச் சீட்டைக் கொடுப்பார். எதிரணி, கோல் கணக்கு, கோல் போட்டவர் பெயர். அவ்வளவுதான். திருவள்ளூர் அணியை நடத்தியவர் ஓர் அரிசி மண்டிக்காரர். அவரிடமிருந்து தபால் கார்டு வரும். அதிலும் அதே மூன்று விவரங்கள். மீதியை நான் போட்டுக்கொள்வேன். "மின்னலெனப் பாய்ந்தார்", "கோல் காப்பாளர் திகைத்து நின்றார்" என்றெல்லாம் எழுத மைதானத்துக்குப் போக வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

அந்தப் பருவத்தில் துண்டுச் சீட்டில் அடிக்கடி வந்த பெயர் சி.எச். ராஜு. தபால் கார்டில் அடிக்கடி வந்த பெயர் ஏ. சாலமோன். இரண்டு பேரும் சென்டர் ஃபார்வர்ட். இரண்டு பேரும் கோலாகப் போட்டுத் தள்ளினார்கள். ஒரு வெள்ளிக்கிழமை விளையாட்டுப் பக்கத்தில் அரைப் பத்தி காலி என்று அலுவலகத்திலிருந்து தந்தி வந்ததும் நான் இருவரையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதி பஸ்ஸில் அனுப்பினேன். டிரில் மாஸ்டர் ராஜுவின் வேகத்தைப் பற்றிப் பெருமை பேசுவார். மண்டிக்காரர் ஒரு கார்டில் சாலமோனை நிதானமான பையன் என்று எழுதியிருந்தார். ஆகவே ராஜு வேகம், சாலமோன் நிதானம். ராஜுவுக்கு இரண்டு காலாலும் அடிக்க வரும் என்று மாஸ்டர் சொல்லியிருந்ததால், ஒப்பீடு எடுப்பாக இருக்கட்டும் என்று சாலமோனுக்கு இடது கால் அவ்வளவாக வராது என்று எழுதினேன். அந்த ஒரு வரிக்கு எனக்கு யாருடைய வார்த்தையும் ஆதாரம் இல்லை. வாக்கியம் அழகாக முடிந்தது, அதனால் எழுதினேன்.

கடிதங்கள் குவிந்தன. திருப்பதியில் ராஜு கட்சி, சாலமோன் கட்சி என்று டீக்கடைகளில் இரண்டு பெஞ்சு உண்டானதாகச் சொன்னார்கள். ஒரு வாசகர், தான் இருவரையும் அருகில் நின்று பார்த்திருப்பதாகவும் ராஜு ஓர் அங்குலம் உயரம் அதிகம் என்றும் எழுதியிருந்தார். அதையும் வெளியிட்டோம்.

பிறகு, சித்தூரும் திருவள்ளூரும் வருடத்துக்கு ஒரு முறை மோதும் ஆட்டம் நெருங்கியது. சனிக்கிழமை மாலை, சித்தூரில். முந்திய வருடம் இதே ஆட்டத்துக்கு நான் எழுதிய செய்தி நினைவிருக்கிறது. "காய்ச்சல் காரணமாக ராஜு ஆடவில்லை. சித்தூரின் நல்ல காலம், எதிரணியில் சாலமோனும் காய்ச்சலில் படுத்துவிட்டார்." இதை எழுதிய கைக்கு அப்போதும் சந்தேகம் வரவில்லை.

இந்த முறை அலுவலகம் ஒரு படம் கேட்டது. ராஜுவும் சாலமோனும் கைகுலுக்குவது போல. வெள்ளிக்கிழமைக்குள் வந்து சேர வேண்டும். சாலமோன் எந்த ஊர் என்று மண்டிக்காரருக்கு எழுதிக் கேட்டேன். பிச்சாட்டூர் பக்கம் என்று பதில் வந்தது. ராஜு எந்த ஊர் என்று மாஸ்டரைக் கேட்டேன். பிச்சாட்டூர் பக்கம் என்றார். ஒரே பஸ்ஸில் போய் இருவரையும் பார்த்துவிடலாம் என்று மகிழ்ந்தேன்.

புதன்கிழமை திருப்பதியில் ஸ்டூடியோ வைத்திருந்த நண்பரைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். மொட்டை போட்ட யாத்திரிகர்களைத் திரையில் வரைந்த மலைக்கு முன்னால் நிற்கவைத்துப் படம் எடுப்பது அவர் தொழில். பிச்சாட்டூரில் இறங்கி, நீர்த்தேக்கத்துக்குக் கீழே இருந்த சிற்றூருக்கு நடந்தோம். சைக்கிளில் புல்லுக்கட்டு வைத்துக்கொண்டு ஒருவர் வந்தார்.

"சாலமோன் வீடு எதுங்க?"

"பந்து ஆடுறவனா? தோ, அந்தப் புளியமரம் தெரியுது பாரு, அங்க."

"ராஜு வீடு?"

"தோ, அந்தப் புளியமரம் தெரியுது பாரு, அங்க."

"ரெண்டு பேரும் பக்கத்து பக்கத்து வீடா?"

"ஒரே வூடு சார். ஒரே பாயி. ஒரே தட்டுல தான் துன்னுவானுங்க" என்று சொல்லிவிட்டு அவர் சிரித்துக்கொண்டே மிதித்துப் போனார். என் நண்பர் என்னைப் பார்த்தார். "அண்ணன் தம்பியா இருப்பாங்களோ?" என்றேன். அந்த நொடியிலும் எனக்கு அதுதான் தோன்றியது.

புளியமரத்தடி வீட்டுக்கு முன்னால் துணி காய்ந்துகொண்டிருந்தது. ஒரு நீலப் பனியன், சித்தூர் அணியுடையது. அதற்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் பனியன், திருவள்ளூர் அணியுடையது. இரண்டிலும் ஒன்பது என்று எழுதியிருந்தது. இரண்டுக்கும் ஒரே அளவு. இருபத்திரண்டு வயது மதிக்கத்தக்க ஒருவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். நான் என் பெயரையும் பத்திரிகைப் பெயரையும் சொன்னேன்.

"நீங்க தானா சார் அது?" என்றார். கோபமும் சிரிப்பும் ஒன்றாக இருந்தன. "எனுக்கு இடது கால் வராதுன்னு எழுதிக்கிறீங்களே, என்னிக்கு சார் பாத்தீங்க?"

"அது சாலமோனுக்கு…"

"நான் தான் சார் சாலமோன்."

"அப்போ ராஜு?"

"அதுவும் நான் தான். ராஜுவுக்கு ரெண்டு காலும் வரும்னு எழுதிட்டு, சாலமோனுக்கு மட்டும் வராதுன்னா எப்படி சார்? ஊர்ல கேக்கிறாங்க, இன்னாடா மஞ்ச பனியன் போட்டா காலு மடங்கிக்குதான்னு."

நண்பர் காமிராப் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்து சிரித்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

விவரம் எளியது. ராஜ்யங்களுக்கு நடுவே எல்லையைத் திருத்திப் போட்டபோது அந்தப் பக்கத்து ஊர்கள் பல ஆந்திரத்துக்கு வந்தன. இவர் ஊரும் வந்தது. அதுவரை மெட்ராஸ் ராஜ்யத்துப் பள்ளியில் தமிழ் படித்த பையனை அப்பா ஆபிரகாம் சித்தூருக்குக் கூட்டிக்கொண்டு போய் விடுதியோடு இருந்த ஒரு பள்ளியில் சேர்த்தார். கிளார்க் தெலுங்கர். "இன்டி பேரு ஏமி?" என்று கேட்டாராம். தெலுங்கில் அது குடும்பப் பெயர், எல்லாருக்கும் உண்டு. தமிழ்க் குடும்பத்துக்கு அது ஏது? ஆபிரகாமுக்கு வீட்டின் பெயரைக் கேட்பதாகப் பட்டது.

"நைனா சொன்னாரு, எங்க வூட்டுக்கு பேர்லாம் இல்ல சாமி, புளியமரத்து வூடும்பாங்கன்னு. புளியமரத்துக்கு தெலுங்குல சிந்த செட்டு. அந்தாளு 'ஆ, சிந்த செட்டு'ன்னு சொல்லிகினே 'சிந்தா'ன்னு எழுதிட்டாரு. பேரு இன்னான்னு கேட்டாரு. வூட்ல கூப்புடற பேரு ராஜமணின்னாரு நைனா. 'ராஜு சாலு'ன்னுட்டாரு. ராஜு போதுமாம். அப்போ இருந்து நான் சிந்தா ராஜு, இங்கிலீஷ் எழுத்துல சி.எச். ராஜு."

அந்தப் பள்ளிச் சான்றிதழை வைத்து சித்தூர் அணி அவரைப் பதிவு செய்தது. எல்லை மாறுவதற்கு முன்பிருந்தே அவர் பந்து பொறுக்கிப் போட்டுப் பழகிய அணி திருவள்ளூர். அங்கே வயதுச் சான்று கேட்டபோது கோயிலில் கொடுத்த ஞானஸ்நானச் சான்றிதழைக் காட்டினார். அதில் சாலமோன், ஆபிரகாம் மகன். ஆக, ஏ. சாலமோன். இரண்டு காகிதமும் உண்மை. இரண்டு பெயரும் உண்மை. ஆனால் ஒருவர் ஒரு ராஜ்யத்தில்தான் பதிவு செய்யலாம் என்று இரண்டு பக்கத்துச் சங்கங்களிலும் விதி இருந்தது. தெரிந்தால் இரண்டு பக்கமும் தடை. ஆட்டக்காரர்களுக்கெல்லாம் விஷயம் தெரியும். தெரியாதவர்கள் இரண்டு மானேஜர்களும் நானும்தான்.

"போன வருஷம் இந்த ஆட்டத்துக்கு என்ன பண்ணீங்க?"

"ரெண்டு பேருக்கும் ஜுரம் சார். நீங்களே எழுதனீங்களே." பிறகு குரல் இறங்கியது. "இந்த தபா அது செல்லாது. உங்க கட்டுரைய படிச்சிட்டு ஊர் ஊரா ஜனம் வருது. மாஸ்டர் ஆள் அனுப்பி, ஜுரம் வந்தா டாக்டரோட வரேன்னுட்டாரு. மண்டிக்காரர் காரே அனுப்பறேன்றாரு. ஒருத்தர் வுட்டா ஒருத்தர் விசாரிப்பாரு. விசாரிச்சா முடிஞ்சிது. நான் பந்த தொட முடியாது சார்."

அவருக்கு வேர்க்கடலைக் கழனி இருந்தது, பம்புசெட் இருந்தது. சோற்றுக்குக் கவலை இல்லை. ஆனால் அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொன்னபோது அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். அந்த நிலைமைக்கு அவரைக் கொண்டுவந்து நிறுத்தியது என் அரைப் பத்தி.

அப்போது என் நண்பர் எழுந்து வேட்டித் தூசியைத் தட்டினார். "அண்ணா, இது ஒண்ணும் கஷ்டம் இல்ல. டபுள் ஆக்ட் போட்டுடலாம். லென்ஸ்ல பாதிய மூடி ஒரு தபா, மீதிய மூடி ஒரு தபா. ஒரே நெகடிவ். இவரே இவருக்குக் கை குடுக்கிற மாதிரி வரும். நம்ம ஸ்டூடியோல மாசம் பத்து எடுக்கிறேன். ஒருத்தனுக்கும் தெரியாது."

நான் நல்லவனாகக் காட்டிக்கொள்ள விரும்பவில்லை. சரி என்று சொல்ல வாய் திறந்தேன். அந்தப் படம் அலுவலகத்துக்குப் போதும். என் கட்டுரை காப்பாற்றப்படும். அந்த மனிதரின் ரகசியமும் காப்பாற்றப்படும். யாருக்கும் நஷ்டம் இல்லாத பொய் அது. இந்தத் தொழிலில் உங்கள் முன்னால் வரும் பொய்களில் பெரும்பாலானவை அப்படித்தான் இருக்கும். பார்வைக்கு உதவி போலவே இருக்கும். ஐந்து மணி பஸ்ஸுக்கு இன்னும் நாற்பது நிமிடம்தான் இருந்தது. வெளிச்சம் நன்றாக இருந்தது.

என்னைத் தடுத்தது அவர்தான்.

"நானே எனுக்குக் கை குடுத்துக்கணுமா?" என்று கேட்டுக் கொஞ்ச நேரம் சிரித்தார். பிறகு, "வேணாம் சார். ஊர்ல நாலு பேரு சேந்தா, நேத்து ராஜு நல்லா ஆடுனான், சாலமோன் சொதப்பிட்டான்றாங்க. நான் ரெண்டு பேருக்கும் பதில் சொல்லிகினு இருக்கேன். ஒரே ஒரு தபா நான் ஒரே ஆளா பேப்பர்ல வரணும். அப்புறம் இன்னா ஆவுதோ ஆவட்டும்."

படம் எடுக்கவில்லை. அலுவலகத்துக்கு "படம் சாத்தியமில்லை, காரணம் சனிக்கிழமை சொல்கிறேன்" என்று தந்தி கொடுத்தேன். அவரிடம் ஒன்றே ஒன்று சொன்னேன். நான் எழுதுவதற்கு முன்னால் இரண்டு மானேஜர்களுக்கும் அவர் வாயாலேயே தெரிய வேண்டும். செய்தித்தாளைப் பார்த்து அவர்கள் தெரிந்துகொள்ளக் கூடாது. தனியாகப் போக அவருக்குத் தைரியம் இல்லை. நானும் வருவதாகச் சொன்னேன். அது நிருபர் வேலையா என்று நீங்கள் கேட்கலாம். முடிச்சைப் போட்டவன் அவிழ்க்கும்போது பக்கத்தில் நிற்க வேண்டும் என்று அன்று நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

இரண்டு மானேஜர்களையும் தந்தி கொடுத்து வரவழைத்து, மறுநாள், வியாழக்கிழமை காலை, வடமாலபேட்டையில் சந்தித்தோம். திருவள்ளூரிலிருந்து வருபவருக்கும் சித்தூரிலிருந்து வருபவருக்கும் ஏறக்குறைய நடுவழி. ரோட்டோரத்தில் ஒரு இட்லிக் கடை. டிரில் மாஸ்டர் ஒரு பக்கம், மண்டிக்காரர் எதிர்ப்பக்கம், நடுவே நம் ஆள். அவர் தலையைக் குனிந்துகொண்டு சொல்லி முடித்தார்.

 மானேஜர்கள் இருவரும் ஒரே சமயத்தில் பேசினார்கள்.

"ரேய், நீ மா பில்லோடு ரா, எங்க புள்ளடா! ஹாஸ்டல்ல மூணு வேளை துன்னது மறந்துட்டியா?" என்றார் மாஸ்டர்.

"யோவ் மாஸ்டரு, ஹாஸ்டல்ல நீ போட்ட சோத்துக்கு அவன் கால் வளரல. சின்ன புள்ளையிலிருந்து எங்க மைதானத்துல பொரண்டவன் அவன்" என்றார் மண்டிக்காரர்.

"ரிஜிஸ்டர்ல சிந்தா ராஜுன்னு கையெழுத்து போட்டுக்கிறான். சூடு, பாரு, காகிதம் இங்க இருக்கு."

"எங்ககிட்ட கோயில் சர்டிபிகேட்டே கீது. சாமி முன்னாடி வெச்ச பேரு பெருசா, கிளார்க்கு வெச்ச பேரு பெருசா?"

"அப்போ நீ புகார் எழுது. நானும் எழுதறேன்."

"எழுதேன்!"

இரண்டு பேரும் அங்கேயே நிறுத்தினார்கள். புகார் போனால் பையன் இருவருக்கும் இல்லை என்பது இரண்டு பேர் மண்டையிலும் ஒரே சமயத்தில் ஏறியது எனக்குத் தெரிந்தது. மாஸ்டர் இலேசாகக் கனைத்து, கடைக்காரரிடம் பையனுக்கு ஒரு தட்டு இட்லி கொண்டுவரச் சொன்னார். "துன்னு நாயனா, காலைலேருந்து துன்னியோ இல்லியோ." மண்டிக்காரர் சும்மா இருப்பாரா? ஒரு தோசை வரவழைத்து அதையும் அவர் முன்னால் தள்ளினார். "இத துன்னு கண்ணு, இட்லி ஆறிப்போச்சு."

இரண்டு பேரும் அவர் எந்தத் தட்டில் முதலில் கை வைக்கிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் இடது பக்கத்தில் ஒரு வாய், வலது பக்கத்தில் ஒரு வாய் என்று இரண்டு தட்டையும் காலி செய்தார். கை கழுவிக்கொண்டு வந்து நின்றார்.

"ரெண்டு பேரு தட்டும் துன்னுட்டேன். ரெண்டு பேருக்கும் ஆடிட்றேன். மொதல் பாதி மாஸ்டருக்கு. ரெண்டாம் பாதி அண்ணனுக்கு. ரெண்டு பேரும் புகார் எழுதக் கூடாது. இன்னா சொல்றீங்க?"

மாஸ்டர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் தும்மினார். மண்டிக்காரர், "ரெண்டாம் பாதில களைச்சிப் போயிருப்பானே, அது எப்டி நியாயம்?" என்று கேட்டார். அவருக்குச் சமாதானமாக, டாஸ் போடாமலேயே வெயில் கண்ணில் அடிக்காத பக்கத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை தரப்பட்டது. பிறகு இருவரும் சேர்ந்து என் பக்கம் திரும்பினார்கள். அதுவரை அடித்துக்கொண்டவர்கள் ஒரே குரலில் பேசினார்கள்.

"சார், நீங்க மட்டும் இத எழுதக் கூடாது."

"மைதானத்துக்கு வருவேன். பார்த்ததை எழுதுவேன்" என்றேன்.

"எழுதுனா தடை வரும் சார். உங்குளுக்கு இன்னா போச்சு?" என்றார் மண்டிக்காரர்.

 நம் ஆள்தான் சொன்னார், "எழுதட்டும் அண்ணா. நான் தான் எழுதச் சொன்னேன்."

சனிக்கிழமை மைதானத்தில் நிற்க இடம் இல்லை. திருப்பதியிலிருந்து இரண்டு பெஞ்சும் வந்திருந்தன. ராஜு கட்சி ஒரு பக்கம், சாலமோன் கட்சி ஒரு பக்கம். நீலப் பனியனில் அவர் இறங்கியதும் ராஜு கட்சி கத்தியது. சாலமோன் கட்சி, "எங்காளு எங்கடா?" என்று தேடியது. நான் கோடு போட்ட நோட்டை வைத்துக்கொண்டு கோட்டோரம் உட்கார்ந்திருந்தேன். நிருபராகி மூன்று வருடத்தில் நான் முழுதாகப் பார்த்த முதல் ஆட்டம் அது.

முதல் பாதி முடியச் சற்று முன்பு அவர் கோல் போட்டார். நான் எழுதியிருந்தது போல மின்னல் எதுவும் பாயவில்லை. இரண்டு பேர் நடுவே பந்தை நிறுத்தி, இருவரும் எந்தப் பக்கம் போவது என்று யோசிக்கும்போது இடது காலால் மெதுவாகத் தள்ளினார். பந்து உருண்டுதான் போனது.

இடைவேளையில் மைதானத்தின் நடுவே நின்று நீலப் பனியனைக் கழற்றி மாஸ்டரிடம் கொடுத்துவிட்டு, மண்டிக்காரர் கையிலிருந்த மஞ்சள் பனியனை வாங்கிப் போட்டுக்கொண்டார்.  ஒரு மூலையிலிருந்து சிரிப்புக் கிளம்பி வளையமாகச் சுற்றி வந்தது. ராஜு ஓர் அங்குலம் உயரம் என்று எழுதிய வாசகர் அந்தக் கூட்டத்தில் இருந்தாரா என்று எனக்குத் தெரியாது. இருந்திருக்க வேண்டும் என்று விரும்பினேன்.

"டேய் ராஜு, எங்க வூட்டு இட்லி துன்னுட்டு எனுக்கே கோல் போடுவியா?" என்று சித்தூர் கோல் காப்பாளர் கூவினார்.

"நான் சாலமோன் பா. ராஜுவ போய்க் கேளு" என்று பதில் வந்தது.

ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது அவரே சமன் செய்தார். இந்தக் கோலுக்கு இரண்டு கட்சியும் சேர்ந்து கத்தின. கடைசி நிமிடத்தில் இன்னொரு வாய்ப்பு வந்தது. கோல் காப்பாளர் தரையில் கிடந்தார், எதிரே யாரும் இல்லை. பந்து கம்பத்தில் அடித்துத் திரும்பியது. பிறகு நான் அவரை நேராகவே கேட்டேன், வேண்டுமென்று செய்தீர்களா என்று. "கம்பத்த குறி வெச்சி அடிக்கிற அளவுக்கு நான் பெரிய ஆட்டக்காரன் இல்ல சார்" என்றார். நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டேன்.

மறுநாள் பேப்பரில் வர வேண்டுமானால் ஆறரைக்குள் சென்னைக்கு ட்ரங்க் கால் போட்டுச் சொல்ல வேண்டும். தபால் ஆபீசுக்கு நான் ஓட, பின்னால் அவர், மாஸ்டர், மண்டிக்காரர் மூவரும் வந்தார்கள். சென்னையில் எடுத்தவர் விளையாட்டுப் பக்கத்து மூத்த உதவி ஆசிரியர். அதிகம் பேசாதவர், நான் அவரை நேரில் பார்த்தது இரண்டு முறைதான்.

"சித்தூர் ஒண்ணு, திருவள்ளூர் ஒண்ணு" என்றேன்.

"போட்டது?"

"ரெண்டும் ஒரே ஆள் சார். முதல் பாதி இங்கே, ரெண்டாம் பாதி அங்கே."

"வெயில்ல ரொம்ப நேரம் நின்னியா?"

என் அரைப் பத்தி கட்டுரை பற்றியும், புளியமரம் பற்றியும், காய்ச்சல் பற்றியும் மூச்சு விடாமல் சொன்னேன்.  நான் முடித்ததும் மறுமுனையில் அவர் குரல் வந்தது.

"அயர்லாந்துக்காரன் கதை."

"சார்?"

"அங்கே நாடு ரெண்டாச்சு. கால்பந்துச் சங்கமும் ரெண்டாச்சு. ரெண்டு சங்கமும் தன் அணிக்கு அயர்லாந்துன்னுதான் பேர் வெச்சுது. ரொம்ப வருஷம் ஆட்டக்காரன் இங்கேயும் ஆடினான், அங்கேயும் ஆடினான். கோடு போட்டவன் வேற, பந்து ஆடினவன் வேற. சரி, நீ ஏற்கெனவே தப்பா எழுதினதுக்குத் திருத்தம் போடுவேன்."

"ராஜு, சாலமோன் ரெண்டும் இவர்தான்னு தெளிவாப் போடணும் சார்."

"திருத்தத்துல பழைய தப்பை மறுபடி அச்சடிக்கிற வழக்கம் இந்தப் பக்கத்துல இல்ல. முன்பு வெளியான பெயர்கள் பிழை, வருந்துகிறோம். அவ்வளவுதான். இப்போ பேர் சொல்லு. ஒரு ஆளுக்கு ஒரு பேர்."

பக்கத்திலிருந்து மாஸ்டர் "சி.எச். ராஜு" என்றார். மண்டிக்காரர் "ஏ. சாலமோன்" என்றார். மூன்று நிமிடம் முடிந்தது என்று ஆபரேட்டர் பெண் குறுக்கிட்டார், நீட்டிக்கச் சொன்னேன். போன் வாயைக் கையால் மூடிக்கொண்டு அவரைப் பார்த்துக் கேட்டேன்.

"உங்க பேர் என்ன? எப்படிப் போடட்டும்?"

கிளார்க், மாஸ்டர், மண்டிக்காரர், நிருபர் என்று இத்தனை பேர் அந்தப் பெயரை எழுதியிருக்கிறோம். ஒருவரும் அவரை அப்படிக் கேட்டதில்லை என்பது அவர் யோசித்த நேரத்திலேயே தெரிந்தது. ட்ரங்க் கால் ஓடிக்கொண்டிருந்தது.

"சாலமோன் ராஜமணி" என்றார்.

நான் அதை போனில் சொன்னேன். "முன்னெழுத்து?" என்றார் உதவி ஆசிரியர். மாஸ்டரும் மண்டிக்காரரும் மறுபடி வாய் திறந்தார்கள். அவர் இருவரையும் கை காட்டி நிறுத்தினார்.

"பி போடுங்க சார். பிச்சாட்டூர்."

ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் நான்காம் பத்தியில் அப்படியே வந்தது. இரு பாதியிலும் இரு அணிக்கும் ஆடி இரு கோல்களையும் போட்டவர் பி. சாலமோன் ராஜமணி. கீழே இரண்டு வரித் திருத்தம். அந்தத் திருத்தத்தை உதவி ஆசிரியர் ஏன் அவ்வளவு சிக்கனமாக எழுதினார், வழக்கம் மட்டும்தான் காரணமா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அவரைக் கேட்கவில்லை. என் வரைக்கும் நான் முழுதும் சொல்லி அனுப்பினேன், அச்சிலே வந்த ஒவ்வொரு எழுத்தும் உண்மை.

தடை வரும் என்று காத்திருந்தோம். சில வாரங்களில் இரண்டு கடிதங்கள் அலுவலகத்துக்கு வந்தன. ஆந்திரத்துச் சங்கம் எழுதியிருந்தது: தங்கள் செய்தியில் குறிப்பிட்ட பி. சாலமோன் ராஜமணி என்ற ஆட்டக்காரர் எங்கள் பதிவேட்டில் இல்லை, ஆகவே நடவடிக்கைக்கு இடமில்லை. தமிழ்நாட்டுச் சங்கமும் ஏறக்குறைய அதையே எழுதி, நிருபர்கள் பெயர்களைச் சரிபார்த்து எழுதுவது நலம் என்று சேர்த்திருந்தது.

இரண்டையும் பிச்சாட்டூருக்குக் கொண்டுபோய் அவருக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு முறை படிக்கச் சொன்னார்.

"அப்போ நான் ரெண்டு ரிஜிஸ்டர்லயும் இல்லியா சார்?"

"இல்லை."

"இல்லாத ஆள எப்டி சார் தடை பண்ணுவாங்க?" என்று கேட்டுவிட்டு, பம்புசெட் தொட்டியில் முகம் கழுவப் போனவர் அங்கேயே நின்று சிரித்தார். அதற்குப் பிறகு மூன்று பருவங்கள் அவர் இரண்டு பக்கமும் ஆடினார். இரண்டு அணிகளும் மோதும் ஆட்டத்தில் பாதி பாதி என்பது வழக்கமாகவே ஆகிவிட்டது.

அலுவலகம் அந்தக் கடிதங்களோடு எனக்கு ஒரு சிறு சீட்டையும் அனுப்பியிருந்தது. "பெயர் சரிதானா? உடனே தெரிவிக்கவும்." அன்று மாலையே தந்தி கொடுத்தேன். "சரி. அவரிடமே கேட்டு எழுதியது."